பாவம் சுமக்க ஒரு மாப்பிள்ளை

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது மைக் மாமாவின் கையில் ஒரு டம்ளர் டீ, உதட்டுக்கும் மேசைக்கும் நடுவே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு வாரமாக நின்றதில் ஆறிப்போயிருக்கும். இறக்கி வைத்துவிடலாம்.

டீயை நிறுத்தியது மாப்பிள்ளை சொன்ன ஒரே ஒரு வாக்கியம்: "மச்சான், நான் ஞானஸ்நானம் வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

இந்த வாக்கியத்துக்காகத்தான் மைக் மாமா பத்து வருஷமாகத் தவம் கிடந்தார். அவருடைய தங்கை, இந்துக் கோயிலுக்குப் போகிற ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நாள் முதல், ஒரு செபக்கூட்டம் விடாமல் "எங்க வீட்டு மாப்பிள்ளை மனந்திரும்பணும்" என்று ஒலிபெருக்கியில் வேண்டிக்கொண்டவர். தேவாலயப் பங்குப் பேரவைச் செயலாளர் அல்லவா, மைக் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பெயர் வந்ததும் அப்படித்தான். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்திராதவர்களுக்குக்கூட அவருடைய ஆன்மாவின் நிலவரம் அத்துப்படி.

அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். "இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டார்.

காரணம், தங்கையின் இதயம்.

தங்கை பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். காதலித்த காலத்தில் புருஷன் வைத்த 'பல்லழகி' என்ற பெயர், இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் வீட்டில் நிலைத்துவிட்டது. இரண்டாவது பிரசவத்தில் பல்லழகியின் இதயம் தளர்ந்துபோனது. மாத்திரையில் ஓடுகிறது. திருச்சபை அனுமதிக்கும், நாள் கணக்குப் பார்த்து விலகியிருக்கும் இயற்கை முறையை அவள் பக்தியோடுதான் கடைப்பிடித்தாள். மாத்திரை சாப்பிடும் உடம்பு அந்தக் கணக்கை மதிக்கவில்லை. சமீபத்தில் மூன்றாவது கரு தங்கி, தானாகவே கலைந்து, போகிற போக்கில் அவளையும் கிட்டத்தட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் லேடி டாக்டர் மாப்பிள்ளையிடம் சொன்னது மைக் மாமாவின் காதிலும் விழுந்தது. "இன்னொண்ணு வந்தா குழந்தையும் இருக்காது, இவங்களும் இருக்க மாட்டாங்க. இவங்களுக்கு ஆபரேஷன் பண்ண இதயம் தாங்காது. நீங்க பண்ணிக்குங்க. காலையில வந்தா மதியம் வீட்டுக்குப் போயிடலாம்."

கருத்தடை பாவம் என்று, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஜோடிகளுக்கு வாரம் தவறாமல் வகுப்பெடுப்பவர் யார் என்கிறீர்கள்? சரியாகச் சொன்னீர்கள்.

சனிக்கிழமை காலை, மைக் மாமா எட்டு மாடி ஏறினார்.

ஏற வேண்டியிருந்தது. லிஃப்ட்டைப் பிரித்துப் போட்டிருந்ததே மாப்பிள்ளைதான். மொட்டைமாடி மோட்டார் அறையில், மெழுகு பூசினாற்போல் எண்ணெய் மினுங்கும் இரும்புக் கயிறுகளுக்கு நடுவே குந்தி, தேய்ந்துபோன பிரேக் கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் மச்சான் இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்தபடி, பேச்சு வராமல் நின்றார். அவருக்குப் பேச்சு வராமல் போன காட்சியைப் பார்த்தவர்கள் குறைவு.

"தண்ணி குடிங்க மச்சான். உக்காருங்க."

மைக் மாமா ஒரு கிரீஸ் டின்னின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நான் சுத்தி வளைக்கல."

"எட்டு மாடி சுத்தி வந்துட்டீங்க. இதுக்கு மேல என்ன வளைக்கறது, சொல்லுங்க."

"நீங்க இப்ப எங்க சபைக்கு வெளியில இருக்கீங்க."

"பத்து வருஷமா அதைத்தானே சொல்லிக் காட்டிட்டு இருக்கீங்க."

"இப்ப யோசிச்சுப் பாத்தா, அது ஒரு வசதி மாப்பிள்ளை."

மாப்பிள்ளை ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

மைக் மாமா குரலைத் தாழ்த்தினார். காற்றையும் புறாக்களையும் தவிர அங்கே கேட்க ஆளில்லை. ஆனாலும் தாழ்த்தினார். "வெளியில இருக்கறப்பவே அந்த ஆபரேஷனை முடிச்சுடுங்க. எங்க சட்டம் உங்களைக் கட்டாது. காயம் ஆறட்டும். அப்புறம் ஞானஸ்நானம். அது லேசுப்பட்டதில்ல. ஜென்மப் பாவத்துலேர்ந்து முந்தாநாள் பண்ணின பாவம் வரைக்கும் துடைச்சு எடுத்துடும். தங்கச்சி உயிர் தப்பிச்சுது, உங்க ஆன்மா பளிச்சுனு ஆயிடுச்சு, குடும்பத்துக்கும் பேர் கெடல."

"ஆக, வரிசை முக்கியம்ங்கறீங்க."

"வரிசைதான் விஷயமே!"

"லிஃப்ட்லயும் அப்படித்தான். முதல்ல கதவு மூடணும், அப்புறம்தான் நகரணும்."

"பாத்தீங்களா! உங்களுக்குச் சொன்னா டக்குனு பிடிபடுது."

"இதைத்தான் வகுப்புலயும் சொல்லிக் கொடுக்கறீங்களா மச்சான்?"

"வகுப்பு வேற, வீடு வேற." சொன்ன வேகத்திலேயே மைக் மாமாவின் முகம் சுருங்கியது. "அதாவது, தத்துவமாப் பாத்தா எல்லாம் ஒண்ணுதான்..."

தத்துவம் அதற்கு மேல் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மறந்து பையைத் துழாவினார். பிறகு புறங்கையாலேயே துடைத்துக்கொண்டார்.

"அவளை இடுப்புல தூக்கி வளத்தவன் நான். அவ பெட்டிக்குப் பின்னால நடக்க எனக்குத் தெம்பு இல்ல மாப்பிள்ளை. ஏதாவது பண்ணுங்க. என்ன பாவமோ, அது உங்களோட போகட்டும்."

கேட்பதற்கு அது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் பேசியதிலேயே அதுதான் நிஜம்.

மாப்பிள்ளை பழைய பிரேக் கட்டையைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எதுக்கு ஞானஸ்நானம் கேட்டேன்னு நீங்க கேக்கவே இல்லயே மச்சான். ஐ.சி.யூ.ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் போற இடத்துக்கு உங்களை விடுவாங்களான்னு தெரியலையே'ன்னு அழுதா. அதுக்குத்தான்."

மைக் மாமா கைக்குட்டையை எடுத்து மடித்தார். கிரீஸ் அச்சாகப் பதிந்திருந்தது.

"விடுவாங்க, விடுவாங்க," என்றார். "கொஞ்சம் லேட்டா வாங்கினாலும் விடுவாங்க."

பங்குத்தந்தைக்குச் 'சுருக்கு ஃபாதர்' என்று பெயர். பிரசங்கத்தை வேகமாக முடித்து மக்களை வெயிலுக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பங்கில் அவருக்கு இருக்கும் செல்வாக்கில் பாதி அதனால் வந்தது. மதியம் மாப்பிள்ளை போனபோது, தன் சர்க்கரை வியாதிச் சாப்பாட்டை, அதாவது தட்டின் நடுவே தனித்துக் கிடந்த கொஞ்சம் சோற்றை, அவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். மச்சானின் வரிசையையும் சொன்னார். யார் போட்ட வரிசை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"இது கிறிஸ்தவனுக்கு மட்டும் பாவம்னு நாங்க எப்பவும் சொன்னதில்ல," என்றார் ஃபாதர். "மனுஷனுக்கே தப்புன்னுதான் சொல்றோம். உள்ள இருக்கறவனுக்கு ஒண்ணு, வெளியில இருக்கறவனுக்கு ஒண்ணுன்னு கிடையாது."

"சரி. அப்புறம் ஞானஸ்நானம் வாங்கினா போயிடுமா?"

"போகும். ஆனா வருத்தப்படணும். செஞ்சது தப்புன்னு மனசார நினைக்கணும். பின்னால வருத்தப்பட்டுக்கலாம்னு முன்னாலயே திட்டம் போட்டுட்டுப் போனா, அதுக்குப் பேரு வருத்தமா?"



"அது என்னால முடியாதுங்க ஃபாதர். அவ காலையில எழுந்து தலை வாரிட்டு, செருப்பைத் தேடிக்கிட்டு வேலைக்குக் கிளம்புவா. அதைப் பாத்துக்கிட்டு, ஐயோ இப்படிப் பண்ணிட்டேனேன்னு நான் எப்படி வருத்தப்படறது?"

ஃபாதர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"விலகி இருக்கலாம். அதைச் சபை தடுக்கல."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா நான் ஹால்லதான் படுக்கறேன். எனக்கு அது பெரிசில்ல. அவதான் தினமும் கதவுகிட்ட வந்து நின்னு பாத்துட்டுப் போறா. தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு. இன்னும் எத்தனை காலம் ஃபாதர்?"

இதற்குப் பதில் பிரசங்கத்தைவிடச் சுருக்கமாக இருந்தது. ஃபாதர் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"நான் பண்ணிக்கிட்டா, அவளுக்கும் பாவமா?"

"அவ கேட்டாளா?"

"இல்ல."

"கேட்டாலோ, சம்மதிச்சாலோ, அவளுக்கும்தான். அவளுக்குத் தெரியாம நீங்களா செஞ்சா, அது உங்களோட." ஃபாதர் எழுந்து கை கழுவப் போனார். குழாயடியில் நின்றபடி, திரும்பாமல் சொன்னார்: "நான் பண்ணுங்கன்னு சொல்லல. அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. அவளைக் கேக்க வச்சிடாதீங்கன்னு மட்டும் சொல்றேன். பாவத்தோட நன்மை வாங்கக் கூடாது; பூசையில அந்த அப்பத்தை வாங்கறதை விட்டுட்டா அந்தப் பொண்ணு ஒடிஞ்சு போயிடுவா."

மைக் மாமா இதற்குள் பல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். மாப்பிள்ளையிடம் பதில் வாங்காமல் இறங்கியதில் அவருக்கு நிம்மதியில்லை.

பல்லழகி ஒரு கீழ்த்தாடை அச்சில் ரோஜா நிற மெழுகை வார்த்து, அது இறுகுவதற்குள் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருந்தாள். எதிர் அலமாரியில் முடிந்த செட்டுகள் வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தன. குறுக்கே பேசாத, கேள்வி கேட்காத, இடைவிடாமல் புன்னகைக்கிற சபை. மைக் மாமாவுக்கு வாழ்நாளில் வாய்த்ததிலேயே நல்ல கூட்டம். பாவம், அவர் அதைக் கவனிக்கவில்லை.

"மாப்பிள்ளைகிட்ட நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்மா. ஞானஸ்நானத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லு."

"நீங்களா சொல்றீங்க? உடம்பு ஏதும் சரியில்லையா அண்ணே?"

"ஒரு காரணமாத்தான். டாக்டர் சொன்னாங்கல்ல, அந்த ஆபரேஷன்... அதைப் பத்தி நீ வாயே திறக்காத. திறந்தா உனக்கும் ஒட்டிக்கும். தள்ளிப் போடுங்கன்னு மட்டும் சொல்லு. மீதியை அவரு புரிஞ்சுக்குவாரு."

பல்லழகி ஒரு கடைவாய்ப் பல்லை இடுக்கியில் பிடித்தபடியே அண்ணனைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க மூச்சு பின்தங்கியது. இடுக்கியை வைத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா, மெதுவா! தண்ணி எடுக்கட்டுமா?"

"வேணாம்." உதடு வெளுத்திருந்தது. "அண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன். கத்தியை எடுத்து ஒருத்தர் கையில கொடுத்துட்டு, வெட்டுன்னு மட்டும் சொல்லாம இருந்துட்டா, நம்ம கை சுத்தமா?"

"அப்படியெல்லாம் கோரமா ஏன் பேசறே?"

"பத்து வருஷமா அவரை ஒரு ஆளா மதிக்கல நீங்க. சாப்பிட உக்காந்தா செபத்துல இடிப்பீங்க. ஒரு கல்யாணத்துலகூட அவரை போட்டோவுக்குக் கூப்பிடல. இப்ப பாவம் பண்ண ஆள் வேணும்னதும் மாப்பிள்ளையா அவரு?"

"உன் உயிரும்மா..."

"தெரியும்." அவள் குரல் இறங்கியது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணே. ராத்திரி இடது பக்கம் திரும்பிப் படுக்கவே பயமா இருக்கு. அதுக்காக?" பிறகு கேட்டாள்: "இதை அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"காலையிலேயே."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பிரேக்கைப் பாத்துட்டு இருந்தாரு."

பல்லழகி கண்ணை மூடிக்கொண்டாள். புருஷன் வாதாடினால் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் எடுத்தாகிவிட்டது.

மெழுகு இறுகிப்போயிருந்தது. மறுபடி சூடு காட்ட வேண்டும்.

சாயங்காலம் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து, துண்டால் தலையைத் துவட்டியபடியே, துண்டுக்கு உள்ளேயிருந்து பேசினார்.

"அந்த ஞானஸ்நான விஷயம்... வேண்டாம்னு விட்டுட்டேன்."

"ஏன்?"

"நம்பிக்கை வரல. வராததை வந்த மாதிரி எதுக்கு நடிக்கறது?"

துண்டுக்குள் நீண்டநேரம் தலை துவட்டப்பட்டது.

"அப்புறம் திங்கக்கிழமை வெளியூர் வேலை. வந்தாலும் ரெண்டு நாள் கனமா எதுவும் தூக்க மாட்டேன். முதுகு பிடிச்சிருக்கு."

"எந்த ஊரு?"

அவர் ஒரு ஊரின் பெயரைச் சொன்னார்.

"அங்க மாடி வீடே கிடையாதேங்க. லிஃப்ட்டை எங்க மாட்டப் போறீங்க, தண்ணித் தொட்டியிலயா?"

துண்டு கீழே இறங்கியது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது.

"ஃபாதரைப் பாத்தீங்களா?"

"ம்."

"நான் கேட்டா எனக்கும் சேத்துப் பாவம்னு சொன்னாரா?"

"உனக்குத் தெரியாம இருந்தா உனக்கு இல்லன்னாரு. எனக்கு அது மட்டும்தான் புரிஞ்சுது. நீ எதுவும் கேக்காத. தயவுசெஞ்சு கேக்காத."

"ஞானஸ்நானம் ஏன் வேண்டாம்னீங்க? நிஜத்தைச் சொல்லுங்க."

"செஞ்சதுக்கு வருத்தப்படணுமாம். நீ உயிரோட இருக்கறதுக்கு நான் எப்படிடி வருத்தப்படுவேன்?"

பல்லழகி சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த சிலுவையைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தால் வாய் அடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வாரம் முழுதும் மாத்திரையும் பயமுமாக இழுத்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்ன வெள்ளை அப்பத்தை நாக்கில் வாங்கும்போதுதான் அவளுக்குள் எதுவோ நேராகும். டாக்டருக்குத் தெரியாத மருந்து. அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவள் யோசித்தே பார்த்ததில்லை. இப்போது யோசித்தாள்.

"போயிட்டு வாங்க," என்றாள்.

"சொல்லாத!" அவர் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினார். சோப்பு மணத்தையும் மீறி அந்தக் கையில் கிரீஸ் வாசம் இருந்தது.

அவள் கையை விலக்கினாள். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வாங்க. நான்தான் போகச் சொல்றேன். எனக்கு உயிரோட இருக்கணும். உங்க பக்கத்துல படுத்துத் தூங்கணும். போதுமா? காதுல விழுந்துடுச்சுல்ல?"

"நான் ஒருத்தன் போதாதா? எதுக்கு ரெண்டு பேரும்?"

"என் உயிருக்காக நீங்க ஆண்டவர் முன்னால குத்தவாளியா நிப்பீங்க. நான் கையைக் கூப்பிக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி நன்மை வாங்கிட்டு வருவேனா? அந்த அப்பம் எனக்குத் தொண்டையில இறங்குமா?"

"கடைசியில யாருடி பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன். எனக்கு அவரைச் சின்ன வயசுலேர்ந்து பழக்கம். உங்களுக்கு இன்னும் அறிமுகமே ஆகல."

அவர் சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த இரண்டு கைகளும், குளிர் பிடித்தவை போல, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன.

அப்போது போன் அடித்தது. அண்ணன்.

"பேசிட்டியாம்மா? தள்ளிப் போடச் சம்மதிச்சாரா?"

"ஞானஸ்நானமே வேண்டாம்னுட்டாரு அண்ணே. ஆபரேஷனுக்குத் திங்கக்கிழமை போறாரு. நான்தான் போகச் சொன்னேன். வாயைத் திறந்து, தெளிவா சொன்னேன். நாளையிலேர்ந்து நான் நன்மை வாங்க மாட்டேன்."

எதிர்முனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு, தங்கையின் ஆன்மா தன் கண்ணெதிரே நழுவுவதைக் கண்ட ஓர் அண்ணனின் முதல் அலறல்:

"நாளைக்கா? நாளைக்குப் பூசையில முதல் வாசகம் வாசிக்கறது நீதானேம்மா!"

"வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

"சரி, சரி. உனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன். நீ வீட்டுலயே இரு."

"சொல்லுங்க. அதுல பொய் எதுவும் இல்ல. ஆனா நான் பூசைக்கு வருவேன். நம்ம பெஞ்சுலதான் உக்காருவேன். நன்மைக்கு எல்லாரும் எழுந்து போறப்ப நான் எழுந்திருக்க மாட்டேன். ஏன்னு கேக்கத்தான் செய்வாங்க. கேட்டா சொல்லிடுவேன்."

"என்னன்னு சொல்லுவே? தங்கச்சி? யாரு யோசனைன்னு சொல்லுவே? இந்தா, என் பேச்சைக் கேளு..."

போன் நாற்காலியின் மேல் கிடந்து தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. பல்லழகி அதற்குள் எழுந்து சமையலறை வரை போயிருந்தாள். அங்கே சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, விட்டுப்போன மூச்சு திரும்பி வருவதற்காகக் காத்திருந்தாள். மாப்பிள்ளை அவள் முதுகில் கை வைத்தபடி நின்றார். இருவரில் யாரும் போனை எடுக்கவில்லை.